எலுமிச்சைக் கடையில் ஒரு மென்பொருள் பொறியாளர்

ராஜபாளையத்தில் பக்கத்தில் வந்து நின்று, சங்கரன்கோவில் கரிசலில் சற்றே விலகிப்போகும் மேற்குத் தொடர்ச்சி மலை, கடையநல்லூர் வந்ததும் மறுபடி ரயிலோடு ஒட்டிக்கொள்கிறது. எழும்பூரில் இரவு ஏறிய பொதிகை எக்ஸ்பிரஸில் அந்தக் காலை நேரத்தில் தூங்குகிறவர் யாரும் இல்லை. மலையின் தலை தெரியவில்லை. மேகம் இடுப்புவரை இறங்கியிருந்தது. “அருவியில தண்ணி விழுது, நேத்தே சொல்லிட்டாங்க” என்று எதிர் இருக்கைக்காரர் எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தார். எண்ணெய் பாட்டிலும் துண்டுமாகக் குளிக்க வந்த கூட்டத்துக்கு நடுவே, மடிக்கணினிப் பையை முதுகில் மாட்டிய இளைஞர்களும் இறங்கத் தயாராக நின்றார்கள். நான் பார்க்க வந்தது இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான்.

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். அவர்களில் பாதிப்பேருக்குத் தாங்கள் எழுதும் நிரலை யார், எந்த ஊரில், என்ன வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது தெரியாது. ‘கிளையன்ட்’ என்பது அவர்களுக்கு வாரம் ஒருமுறை திரையில் வரும் ஒரு பெயர். இது அவர்கள் குற்றமல்ல. வேலையை அப்படிக் கூறுபோட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒருவன் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தான், எதைத் திறமை என்று நினைக்கிறான், தன்னிடம் வேலை கொடுப்பவரை எப்படி நடத்துகிறான் என்ற மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதைப் பெருநகரத்துக்கு வெளியே வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டில் தென்காசியை விட்டால் வேறு ஊர் எனக்குத் தெரியவில்லை.

ரயில் நிலையத்திலிருந்து நேராகக் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனேன். ஒன்பது நிலை ராஜகோபுரம், சுமார் 180 அடி உயரம். வாசலில் நுழையும்போது மலைக்கணவாயிலிருந்து வரும் காற்று வேட்டியைப் பிடித்து இழுக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த கோயில் இது. கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து, பல தலைமுறைகள் மொட்டையாகவே நின்று, மீண்டும் கட்டப்பட்டு 1990-இல் குடமுழுக்கு கண்டது.

இங்கே அந்த அரசன் கல்லில் பொறித்து வைத்த ஒரு செய்தி உண்டு. கட்டியவன் நான் என்ற பெருமையை அவன் பேசவில்லை. இந்தத் திருப்பணியில் குறை நேர்ந்தால், பிற்காலத்தில் அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவர்கள் காலில் விழுந்து வணங்குகிறேன் என்கிறான். முடிசூடிய மன்னன், தான் பார்க்கவே போகாத ஒரு பராமரிப்பாளனை வணங்குகிறான்! மென்பொருள் தொழிலில் இருப்பவர்கள் இந்தக் கல்வெட்டின் முன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். எழுதியவன் போன பிறகு வருகிறவன் படும் பாடு அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நிரல் எழுதப்படும் காலம் சில மாதங்கள். அது திருத்தப்பட்டும் ஒட்டுப்போடப்பட்டும் ஓடும் காலம் பல வருடங்கள். அந்த வருடங்களை நினைத்து எழுதுகிறவன் வேறு ஜாதிப் பொறியாளன்.

அன்று பிற்பகல் பழைய குற்றாலம் பக்கமாக ஆயிரப்பேரி வழியே மத்தளம்பாறைக்கு ஆட்டோவில் போனேன். இரு பக்கமும் வயல், தென்னை, அதற்குப் பின்னால் மலைச்சுவர். ஸோஹோ நிறுவனத்தின் வளாகம் இங்கே இருப்பதை இன்று ஊரறியும். ஆனால் அந்தக் கதையின் வரிசையை ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. வலைப்பின்னல்களை மேலாண்மை செய்யும் மென்பொருளைத் தொலைத்தொடர்புக் கருவி செய்பவர்களுக்கு விற்றது. 2000-2001 தொழில்நுட்பத் துறைச் சரிவில் அந்த வாடிக்கையாளர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். நிறுவனம் வேறு வாடிக்கையாளர்களைத் தேடி, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, மேனேஜ் எஞ்சின் என்ற மென்பொருளை உருவாக்கியது. 2005 முதல் இணையவழி அலுவலகச் செயலிகள் வந்தன. 2009-இல் நிறுவனத்தின் பெயரே ஸோஹோ ஆனது. தென்காசிப் பக்கம் அலுவலகம் தொடங்கியது 2011-வாக்கில். அப்போது தென்காசி தனி மாவட்டம்கூட இல்லை. 2019 நவம்பர் 22-இல்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யிலும் பிரின்ஸ்டனிலும் படித்தவர். அவர் இந்தப் பக்கம் குடிவந்ததும் அதே 2019-இல். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அலுவலர் பொறுப்பை விட்டுவிட்டுத் தலைமை விஞ்ஞானி என்ற பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

இதிலெல்லாம் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. 2016-இல் வெளிவந்த ஸோஹோ டெஸ்க் என்ற செயலி இங்கிருந்த அணி உருவாக்கியது. அது என்ன செய்கிறது? உலகத்தில் எந்த மூலையிலோ ஒரு வாடிக்கையாளர் தன் குறையைச் சொல்லுகிறார். அந்தக் குறை தொலைந்துபோகாமல், சரியானவர் கைக்குப் போய், பதில் கிடைக்கும்வரை அதைக் கண்காணிக்கிறது. குறை கேட்பதற்கான கருவி வயல்வெளிக்கு நடுவே செய்யப்பட்டது என்பதில் எனக்கு மனம் நிறைந்த மகிழ்ச்சி.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பாமல், கட்டணம் வாங்காமல், மாத உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கும் ஸோஹோ பள்ளிகள் 2004-2005 காலத்தில் தொடங்கின. தென்காசியிலும் நடக்கின்றன. பட்டம் இல்லாமல் பொறியாளர் ஆக முடியுமா என்று இருபது வருடம் முன்பு கேட்டவர்களுக்கு அந்தப் பிள்ளைகள் வேலையால் பதில் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் ஒரு பெரிய நிறுவனத்தையே ஒரு மாவட்டம் முழுதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது போதாது. அந்த மரத்தடியில் இன்னும் பல செடிகள் முளைத்தால்தான் மண் வளமானது என்று அர்த்தம். முளைத்திருக்கின்றன. அடுத்த நாள் நான் சந்தித்தவர் அப்படி ஒருவர்.

இலஞ்சியில் வீடு. முப்பதுகளின் நடுவில் இருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சென்னையிலும் பெங்களூரிலும் பெரிய சேவை நிறுவனங்களில் இருந்தவர். கொரோனா ஊரடங்கில் அப்பா அம்மாவோடு இருக்க வந்து, திரும்பிப் போகவில்லை. மாடியறையில் இரண்டு மேசைகள், ஒரு இன்வெர்ட்டர், இரண்டு வேறு நிறுவனங்களின் இணைய இணைப்பு. ஒன்று போனால் மற்றொன்று. கூட மூன்று நான்கு பேர் அவரவர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். பாதி வேலை வெளிநாட்டுக்கு, பாதி இந்த மாவட்டத்துக்கு.

“ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தீங்க தம்பி?” என்று கேட்டேன்.

“மொதல்ல சம்பளத்துக்குத்தான் சார் வந்தேன். அப்பாவுக்குக் கடன் இருந்துச்சு. கடன் அடைஞ்சதும் அந்தக் காரணம் போயிருச்சுல்லா? அதுக்கப்புறம் எதுக்குப் பண்ணுதோம்னு யோசிக்க ஆரம்பிச்சேன். நான் செஞ்ச ஒரு பொருளை ஒருத்தர் தெனமும் தொட்டுப் பயன்படுத்துதத நேர்ல பாத்ததே இல்ல. அது ஒரு குறையா இருந்துச்சு.”

பணத்துக்காக வந்தேன் என்பதைச் சொல்ல நம் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். நேர்முகத் தேர்வில் ‘தொழில்நுட்பத்தின் மீதுள்ள பேரார்வம்’ என்று ஒப்பிக்கிறார்கள். கடன் அடைக்க வேலைக்குப் போவது மரியாதைக்குரிய காரணம். கடன் அடைந்த பிறகும் அந்த வேலையில் ஒருவன் ஏன் இருக்கிறான் என்ற இடத்தில்தான் தொழில் தொடங்குகிறது.

மறுநாள் அவர் தன் வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்கப் புளியங்குடிக்குப் போனார். நானும் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டேன். இடைகால், கடையநல்லூர், சொக்கம்பட்டி என்று மதுரைச் சாலையில் வடக்கே போகும் வழி. தென்காசியில் முகத்தில் அடித்த சாரல் கடையநல்லூர் தாண்டியதும் நின்றுவிட்டது. புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். 2025-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இங்குள்ள கமிஷன் கடைகளுக்குச் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து மூட்டை மூட்டையாகப் பழம் வருகிறது. ஏலம் முடிந்ததும் கேரளத்துக்கும் வடக்கேயும் லாரி ஏறுகிறது. கோடையில் விலை ஏறும், மழை வந்தால் விழும். ஒரே வாரத்தில் விவசாயியின் முகம் மாறிவிடுகிற சரக்கு இது.

கடைக்காரர் அண்ணாச்சி, “வாங்க, உக்காருங்க” என்று பலகையைத் துடைத்துவிட்டார். கடை முழுக்க எலுமிச்சையின் வாசம். இவர் முதலில் கேட்டது ஒரு ‘பில் போடுற சாஃப்ட்வேர்’. சந்தையில் ஆயத்தமாகக் கிடைக்கிறது. வாங்கிப் பொருத்திக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கியிருக்கலாம். இலஞ்சித் தம்பி அப்படிச் செய்யவில்லை. கடையின் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பல நாள் உட்கார்ந்திருக்கிறார். யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள், கணக்குப்பிள்ளை எந்தப் பேரேட்டை எத்தனை தடவை திறக்கிறார் என்று பார்த்திருக்கிறார்.

பார்த்ததில் தெரிந்தது, பில் இவர்களுக்குப் பிரச்சினையே இல்லை என்பது. சிட்டை எழுதக் கணக்குப்பிள்ளைக்கு அரை நிமிஷம் போதும். உண்மையான தலைவலி இரண்டு. ஒன்று முன்பணம். விவசாயிகள் உரத்துக்கும் கல்யாணத்துக்கும் கடையில் முன்பணம் வாங்குவார்கள். பழம் போடும்போதெல்லாம் கொஞ்சம் கழிய வேண்டும். யாருக்கு எவ்வளவு பிடித்தோம், எவ்வளவு விட்டோம் என்பதில் மனத்தாங்கல் வரும். இன்னொன்று பெயர். ஒரே ஊரில் ஒரே குலதெய்வத்தின் பெயரைப் பாதிப்பேர் வைத்திருப்பார்கள். அப்பா பெயரும் ஒன்றாக இருக்கும். கணக்குப்பிள்ளை அவர்களை அடையாளம் காண்பது பட்டப்பெயரால், தோட்டம் இருக்கும் திசையால், கிணற்றின் பெயரால்.

எனவே தம்பி செய்த செயலியில் விவசாயியின் பதிவேட்டுப் பெயருக்குப் பக்கத்தில் பட்டப்பெயருக்கும் தோட்டத்துக்கும் இடம் இருக்கிறது. எதைத் தட்டினாலும் ஆள் வந்துவிடுவார். பட்டப்பெயர் சிட்டையில் அச்சாகாது. அது ஆளுக்கு மரியாதை இல்லை என்று கணக்குப்பிள்ளை சொல்லியிருக்கிறார். சிட்டையின் அடியில் முன்பண பாக்கி பெரிய தமிழ் எழுத்தில் வருகிறது, கண்ணாடி போடாத பெரியவரும் வாசிக்க வேண்டும் என்பதற்காக. ஏலத்தின் நடுவில் மின்சாரமோ இணையமோ போனால் வேலை நிற்காது. தகவல் கடையிலிருக்கும் கருவியிலேயே சேர்ந்து, இணைப்பு வந்ததும் மேலே போய்ச்சேரும். சாயங்காலம் அண்ணாச்சிக்கு ஒரே ஒரு தாள் கிடைக்கும். எந்த வியாபாரி எத்தனை நாளாகப் பணம் தரவில்லை என்ற பட்டியல் அது. “முந்தி ராத்திரி இதை நெனச்சுக்கிட்டுத்தான் படுப்பேன். இப்ப பாத்துட்டுப் படுக்கேன்” என்றார் அண்ணாச்சி.

கணக்குப்பிள்ளைக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். கம்ப்யூட்டர் வந்தால் தன்னை அனுப்பிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார். தம்பி அவரையே ஆசானாக வைத்துக்கொண்டார். பட்டப்பெயர்ப் பட்டியல் முழுவதும் அவர் வாயால் சொல்லி எழுதியது. பெரியவர் இன்று அந்தச் செயலியைப் பற்றித் தன் பேரன் மாதிரிப் பேசுகிறார். ஒரு புது ஏற்பாடு நிலைக்குமா போகுமா என்பதை முடிவு செய்வது அதை வாங்குகிற முதலாளி இல்லை, தினமும் தொடுகிற ஆள்தான். வாடிக்கையாளர் என்றால் யார் என்று கேட்டால், நான் இந்தக் கணக்குப்பிள்ளையைத்தான் காட்டுவேன்.

இப்படி உட்கார்ந்து பார்ப்பதன் அவசியத்தை நிரலுலகம் முன்பே பேசியிருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் மாபெரும் இயங்குதள வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975-இல் வெளியிட்ட புத்தகத்தில், தாமதமாகிவிட்ட திட்டத்தில் ஆட்களைக் கூட்டினால் இன்னும் தாமதமாகும் என்று சொன்னதைப் பொறியியல் மாணவர்கள் எல்லோரும் படித்திருப்பார்கள். அவரே 1986-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இன்னொன்று சொன்னார். மென்பொருளில் ஆகக் கடினமான பகுதி எதைக் கட்ட வேண்டும் என்று தீர்மானிப்பதுதான், வாடிக்கையாளருக்கே அது முழுதாகத் தெரிந்திருக்காது என்பது அதன் சாரம். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மலைப்பகுதியில் பதினேழு நிரலாளர்கள் கூடி ‘அஜைல்’ அறிக்கையை எழுதினார்கள். ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வது பெரிது என்று அதில் ஒரு வரி. இன்று அந்தப் பெயரில் காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம் என்று சடங்காகிவிட்டது. கூட்டங்களை எண்ணுகிறார்கள், ஸ்டூல் போட்டு உட்காருகிறவர் குறைவு.

அன்று இரவு இலஞ்சி மாடியறையில் அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவரோடு தம்பி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க அனுமதி கிடைத்தது. அங்கே கிடங்கு நடத்துகிறவர் அவர். சரக்கு இருப்பு அறிக்கை திறக்க நிமிஷக் கணக்கில் ஆகிறது, பெரிய சர்வர் வாங்கலாம் என்று இருக்கிறேன், நீயே எல்லாவற்றையும் மாற்றிக் கொடு என்று முன்பு கேட்டிருந்தாராம். மாற்றிக் கொடுத்திருந்தால் பல மாத வேலை, நல்ல பணம். இவர் தகவல்தளத்தைத் திறந்து பார்த்ததில் ஒரு பெரிய அட்டவணைக்கு ‘இண்டெக்ஸ்’ போடாமல் விட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்துச் சொல்லடைவு இல்லாத தடித்த புத்தகத்தில் ஒரு பெயரைத் தேடுவதைப் போல, ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அந்த நிரல் படித்துக்கொண்டிருந்தது. அதைச் சேர்த்ததும் அறிக்கை கண்சிமிட்டும் நேரத்தில் வந்துவிட்டது. சர்வர் வாங்காதீர்கள் என்று எழுதிவிட்டு, செய்த வேலைக்கு மட்டும் பணம் கேட்டார். அன்றிலிருந்து அந்தக் கிடங்குக்காரர் இவரைக் கேட்காமல் எதையும் வாங்குவதில்லை.

தம்பி பேசும் விதத்தைக் கவனித்தேன். அவசரமில்லாத, எளிய ஆங்கிலம். “இந்தப் பட்டன் இல்லாவிட்டால் உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்?” என்று ஒவ்வொரு கோரிக்கைக்கும் கேட்கிறார். பாதிக் கோரிக்கைகள் அந்தக் கேள்வியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. எத்தனை நாளாகும் என்று கேட்டால் ஒரு தேதியைச் சொல்லி மாட்டிக்கொள்வதில்லை. குறைந்தது இவ்வளவு, சிக்கல் வந்தால் இவ்வளவு, எந்தச் சிக்கல் வரலாம் என்று சேர்த்தே சொல்கிறார். பேசி முடித்ததும் அரைமணி நேரம் உட்கார்ந்து, நான் புரிந்துகொண்டது இதுதான் என்று பத்து வரியில் எழுதி அனுப்புகிறார். வேலை தாமதமாகும் என்று தெரிந்த அன்றே சொல்லிவிடுகிறார், கெடு நாள்வரை காத்திருப்பதில்லை. “கெட்ட செய்தி சீக்கிரம் போனா அவங்க மாத்து ஏற்பாடு பண்ணிக்கிடுவாங்க. கடைசி நாள்ல சொன்னா ஏமாத்துன மாதிரி” என்றார். வேலை முடிந்ததும் நிரல், கடவுச்சொற்கள், எதை எப்படி இயக்குவது என்ற குறிப்பு எல்லாவற்றையும் வாடிக்கையாளர் கையில் ஒப்படைத்துவிடுகிறார். தன்னை விட்டால் வேறு வழியில்லை என்று அவரைக் கட்டிப்போடுவதில்லை. பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். பள்ளிக்கூட நாளிலேயே தமிழாசிரியர் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறாராம்.

இப்போது இயந்திரமே நிரல் எழுதித் தருகிறதே என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அவரும் அதைப் பயன்படுத்துகிறார். எழுதும் நேரம் குறைந்திருக்கிறது, படித்துச் சரிபார்க்கும் நேரம் கூடியிருக்கிறது என்கிறார். தவறான தேவைக்கு மிக விரைவாக நிரல் எழுதிவிட முடியும் என்பதுதான் புதிய ஆபத்து.

கடையநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் சந்தித்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் பொறியாளர். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். அம்மா பீடி சுற்றுகிறவர். இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் பெண்களின் மடியில் சுளவும், அதில் தூளும் வெட்டிய இலையும் இருக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதால் கழுத்தும் முதுகும் போய்விடும். எத்தனையோ பொறியாளர்களின் கல்லூரிக் கட்டணம் அந்த மடியிலிருந்து வந்தது. இவர் வேலையில் சேர்ந்த நோக்கம் கேட்காமலே தெரிந்தது. அம்மா இப்போது சுளவை எடுப்பதில்லை.

“ஆரம்பத்துல போன் அடிச்சாலே பயமா இருக்கும் சார். அவங்க இங்கிலீஷ்ல கோவமாப் பேசுவாங்க. அப்புறம் புரிஞ்சுது, கோவம் எம்மேல இல்ல, அவங்க வேல நின்னு போச்சு, அந்தத் தவிப்பு. அதனால மொதல்ல எங்க நின்னுச்சுன்னு கேப்பேன். நானும் அதே மாதிரி என் மெஷின்ல செஞ்சு பாப்பேன். எனக்கும் தப்பு வந்துட்டா பாதி வேல முடிஞ்ச மாதிரி.”

தவறை மறுபடி வரவழைத்துப் பார்ப்பதுதான் பிழைதிருத்தலின் முதல் விதி. பெரிய கல்லூரிகளில் படித்தவர்கள் பலர் அதைத் தவிர்த்துவிட்டு ஊகத்தில் இறங்கிவிடுவார்கள். இவர் தன் ஆங்கிலத்தின் எல்லையை உணர்ந்து சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதப் பழகினார். அந்தத் தெளிவுக்காகவே வாடிக்கையாளர்கள் இவரையே கேட்கிறார்கள். அடுக்குமொழி ஆங்கிலம் தெரிந்தவர்களைத்தான் வாடிக்கையாளர் முன் நிறுத்த வேண்டும் என்று நம்புகிற மேலாளர்கள் இவரிடம் ஒரு வாரம் வந்து பார்க்கலாம்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஊரில் இருந்துகொண்டு வேலை செய்பவர்களுக்குப் பேச ஆள் குறைவு. தன்னைவிடக் கெட்டிக்காரன் பக்கத்து மேசையில் இருந்து கற்றுக்கொள்ளும் வாய்ப்பைப் பலர் இழக்கிறார்கள். பெண் பார்க்கப் போனால், மாப்பிள்ளை ஏன் வீட்டிலேயே இருக்கிறார் என்று கேட்கிறார்கள். அமெரிக்க நேரத்துக்கு விழித்திருப்பதால் உறக்கம் கெடுகிறது. உள்ளூர் வாடிக்கையாளர்கள் மென்பொருளுக்குப் பணம் கொடுக்கத் தயங்குகிறார்கள். லாரி வாடகையைத் தட்டாமல் கொடுக்கிறவர், நிரலுக்கு என்றால் “ரெண்டு நாள் வேலதானே” என்கிறார். இதற்கெல்லாம் பதில் இன்னும் இந்த ஊரில் கிடைக்கவில்லை.

புறப்படுவதற்கு முன்னால் நானும் இலஞ்சித் தம்பியும் குற்றால அருவிக்குப் போனோம். பேரருவியில் அன்று தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தது. போலீஸார் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பள்ளி மாணவனை அடித்துக்கொண்டு போன பிறகு இந்தக் கட்டுப்பாட்டில் யாரும் சமரசம் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. குற்றாலநாதர் கோயிலையும், நடராசரின் ஐந்து சபைகளில் ஓவியத்துக்கென்று அமைந்த சித்திர சபையையும் பார்த்துவிட்டுக் கடைத்தெருவில் நடந்தோம். மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருந்தன. ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஊர் இது. ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி இங்கே வந்தார்கள். ஒரு பாட்டை வரிவரியாக நிறுத்தி, காது கொடுத்துக் கேட்கப் பழக்கியவர் அவர்.

நடக்கும்போது இலஞ்சித் தம்பி, தான் மறுத்த ஒரு வேலையைப் பற்றிச் சொன்னார். உடனடிக் கடன் கொடுக்கும் கைபேசிச் செயலி. கடன் வாங்குகிறவரின் தொடர்பு எண்கள் அத்தனையையும் உருவி எடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. தவணை தவறினால் அண்ணன், தங்கை, மேலதிகாரி எல்லோருக்கும் போன் போட்டு மானத்தை வாங்குவதற்காக. அத்தகைய செயலிகளால் நாட்டில் பலர் உயிரை மாய்த்துக்கொண்டது செய்தித்தாள்களில் வந்தது. “எங்க அப்பாவும் கடன்காரர்தான் சார். முடியாதுன்னு சொல்லிட்டேன்.” அந்த மாதம் வேறு வேலை இல்லாமல் சிரமப்பட்டிருக்கிறார். வாடிக்கையாளர் சொன்னதைச் செய்வதுதான் நம் வேலை என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு. அவர்களை நான் பொறியாளர் என்று ஏற்கமாட்டேன்.

கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பொறியியல் இறுதியாண்டுச் செயல்திட்டத்தை இன்று பல மாணவர்கள் ‘பிராஜெக்ட் சென்டர்’களில் காசு கொடுத்து வாங்கி வந்து சமர்ப்பிக்கிறார்கள். ஆசிரியர்களுக்கும் அது தெரியும். அதை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள். பாவூர்சத்திரத்தில் காய்கறிச் சந்தை இருக்கிறது. சங்கரன்கோவிலில் பூச்சந்தையும் விசைத்தறிக் கூடங்களும் இருக்கின்றன. செங்கோட்டையில் மரக்கடைகள் இருக்கின்றன. மாணவர்களை இரண்டிரண்டு பேராக அங்கே அனுப்புங்கள். முதல் மாதம் மடிக்கணினியைத் திறக்கவே வேண்டாம், உட்கார்ந்து பார்க்கட்டும். கடைக்காரர்கள் விரட்டிவிடமாட்டார்கள். புளியங்குடி அண்ணாச்சியிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, அடுத்த சீசனுக்கே இரண்டு பேரை அனுப்பச் சொன்னார். சாப்பாடும் தன் கணக்கு என்றார்.